கல்யாணராமன் வீட்டு வேப்பமரத்தின் சதி

மோதி பாக், புது தில்லி
பங்குனி, 1984

தில்லித் தோட்ட இலாகாவில் மரங்களுக்கெல்லாம் அதிகாரியாக வீற்றிருக்கும் மைத்துனன் சிரஞ்சீவி மாணிக்கவாசகத்துக்கு, அத்தான் கலியமூர்த்தி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான், உன் அக்காள் வள்ளியம்மை, மகள் அம்சவேணி மூவரும் இங்கே நலம். பருப்பு மட்டும் நலமில்லை.

காஸ் சிலிண்டருக்குக் காத்துக் காத்துக் கண் பூத்துப்போய் நான் ஒரு சூரிய அடுப்பு வாங்கினேன். கண்ணாடி மூடி போட்ட பெட்டி; மொட்டைமாடியில் வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது தானே வெந்துவிடும். முதல் நாள் துவரம்பருப்பு வெண்ணெயாக வெந்தது. "பரவாயில்லையே, கல்யாணம் ஆனதிலேருந்து நீங்க வாங்கின உருப்படியான சாமான் இதுதான்" என்று உன் அக்காளே சொன்னாள். அந்தப் பெருமை ஆறுவதற்குள் கீழ்வீட்டுக் கல்யாணராமன் மாடியேறி வந்து, "பலே ஸார், பலே!" என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்போதே எனக்கு இடித்தது. மறுநாளே ஆபீஸுக்கு லீவு போட்டு, முக்காலியைப் பெட்டியோடு ஒட்டிப் போட்டு, வழுக்கைத் தலை காயக்கூடாதே என்று பெரிய குடையை விரித்துக்கொண்டு காவல் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காக்கை கிட்டே வரவில்லை. ஆனாலும் பருப்பு கல்லு கல்லாய்க் கிடந்தது! பார்த்தால், கண்ணாடி மேல் நிழல். அவன் கொல்லையில் மாடிக்கு மேல் வளர்ந்து நிற்கிற வேப்பமரத்தை விட்டால் இங்கே நிழலுக்கு வேறு ஏது நாதி? பெட்டியைக் கிழக்கே தள்ளினேன், முக்காலியோடு நானும் நகர்ந்தேன், நிழலும் கூடவே வந்தது. மேற்கே தள்ளினேன், அங்கேயும் வந்தது. அதுவும் வட்டமாக! நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன்தான்; ஆனாலும் வேப்பமரத்துக்கு வட்ட நிழல் விழாது என்கிற அளவுக்குப் படிப்பு உண்டு. கிளைகளை வேண்டுமென்றே அப்படிக் கத்தரித்து வைத்திருக்கிறான். தினமும் அதன் அடியில் தண்ணீர் வேறு ஊற்றுகிறான். கேட்டால், "புதினா போட்டிருக்கேன் ஸார்" என்கிறான். நம்புவேனா?

உன் அக்காள் கெடு வைத்துவிட்டாள்: "ஞாயித்துக்கிழமைக்குள்ள வேகலைன்னா பெட்டியில நான் பழந்துணி போட்டு வச்சுக்கறேன், நீங்க போய் மண்ணெண்ணெய் கியூவில நில்லுங்க." ஆகவே ஜல்தியாக ஆள் அனுப்பி அந்த மரத்தை வெட்டித் தள்ளு. பூச்சி அரித்தது என்று எழுதிக்கொள். என் பெயர் வெளியே வரக்கூடாது.

அந்த ஒன்று நீங்கலாக உன் மரங்கள் எல்லாம் தழைக்கட்டும். நீயும் குழந்தைகளும் அவற்றைப் போல வாழ்க.

அத்தான்,
கலியமூர்த்தி

பி.கு.: குடையடியில் காவல் இருந்தபடியே எழுதி முடித்து உறையை ஒட்டுவதற்குள், உன் அக்காள் அம்சவேணியோடு மாடிக்கு வந்தாள். "மரத்து நிழல் அதோ தண்ணித் தொட்டி மேல கிடக்கு. இது யாரு நிழலு? முதல்ல அந்தக் குடையை மடக்குங்க" என்றாள். மடக்கினேன். வட்டம் போயிற்று. "அரே அப்பா, போலீஸே திருடனா!" என்று அம்சவேணி கைகொட்டினாள். இருவருமாக என்னைக் கீழே துரத்திவிட்டார்கள். பருப்பு குழைய வெந்துவிட்டது. மரத்தைத் தொடாதே, கடிதத்தைக் கிழித்துவிடு. ஆனால் ஒன்று: காவல் இல்லாத நேரத்தில் கல்யாணராமன் மாடிக்குப் போய் வந்திருக்கிறான். புதினா கொடுக்க வந்தானாம். பருப்பில் ஒரு கரண்டி குறைகிற மாதிரி எனக்குப் படுகிறது.