வானொலிக்குப் பூட்டுப் போட்டவர்

வருமுன் காப்போரை ஊர் போற்றும். வந்தபின் காப்போரை ஊர் மன்னிக்கும். இவ்விரு வகையிலும் சேராத மூன்றாம் இனம் ஒன்று உண்டு. அவர்களுக்கு வருமுன் தடுப்போர் என்று நான் பெயர் சூட்டியிருக்கிறேன். ஊருக்குள் புதிய பொருள் நுழைவதற்கு முன்பே, அது நுழைந்தால் என்னென்ன கெடும் என்று அறிந்து, அறிந்ததற்காக வருந்தி, வருந்தியதை ஊருக்குச் சொல்ல ஒரு கூட்டம் கூட்டி, அக்கூட்டத்துக்குத் தாமே தலைவராகி, அப்பொருளை ஒரு முறையேனும் தொட்டுப் பாராமல் அதற்கு விதிகளை வகுத்து முடிப்பவர்கள் இவர்கள். நீங்கள் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாராமல் இருக்க இயலாது. விளக்கை மறைத்துக்கொண்டு நிற்பவர் அவரே.

இவரை அடையாளம் காண்பது எவ்வாறு? எளிது. தமக்கு மீசை அரும்புவதற்கு முன் வந்த பொருள்களையெல்லாம் மரபு என்பார். மீசைக்குப் பின் வந்தவற்றையெல்லாம் ஆபத்து என்பார். ரயில் வண்டி மரபு, லொறி ஆபத்து. மண்ணெண்ணெய் விளக்கு கண்ணுக்குக் குளிர்ச்சி. மின்விளக்கு கண்ணைப் பறித்துவிடும். தையல் இயந்திரம் அவருடைய தாயார் வைத்திருந்தது. ஆகையால் அது இயந்திரமே அன்று. "நான் புதுமைக்கு எதிரி அல்லன்" என்று அவர் பேசத் தொடங்கினால், உட்கார இடம் தேடிக்கொள்ளுங்கள். நேரமாகும்.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இவ்வினத்தின் தலைசிறந்த மாதிரியாக விளங்கியவர் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கர் சிவசாமி ஐயா. நல்லவர், பொய் சொல்லாதவர், பிறர் நலத்தை எண்ணி எண்ணியே மெலிந்தவர். தோட்டத்து வாசிகசாலைக்கு வானொலிப் பெட்டி ஒன்று வாங்குவது என்று வரிசை வீடுகளான லயங்களில் குடியிருக்கும் மக்கள் முடிவு செய்தபோது, அவருடைய மெலிவு ஒரு சுற்று அதிகமாயிற்று. நோர்வூட் கடைவீதி மஃறூப் முதலாளியிடமிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. சேர்ந்த அன்றே ஐயா அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டுக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். ஒரு கூட்டமா? மழைக்காலம் தொடங்கி முடியும்வரை கூட்டங்கள். பெட்டி துணிக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. வானொலி பேச மக்கள் கேட்பார்கள் என்றுதான் நாம் அறிவோம். மக்கள் பேச வானொலி கேட்டது எங்கள் தோட்டத்தில்தான்.

அக்கூட்டங்களில் ஐயா அடுக்கிய வாதங்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இரவில் பாட்டுக் கேட்டவள் பகலில் அதை முணுமுணுப்பாள். முணுமுணுத்தால் கை தாளத்துக்கு ஓடும். கை தாளத்துக்கு ஓடினால் கொழுந்தோடு முற்றலும் கூடைக்குள் விழும். முற்றல் விழுந்தால் தேயிலையின் நிறம் மங்கும். நிறம் மங்கினால் சீமையில் விலை இறங்கும். விலை இறங்கினால் நாடு என்னாகும்? பெட்டி ஒன்றுக்கு நாட்டையே பணயம் வைப்பதா? இதைக் கேட்டுக்கொண்டிருந்த கங்காணி மாயாண்டி, நாட்டை எண்ணி ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டார். மேலும், உடலில்லாத குரலை நம்பலாமா என்றும், இயற்கையல்லாத எதுவும் மனிதனுக்கு ஒவ்வாது என்றும், ஹட்டன் பல்வைத்தியர் கட்டிக்கொடுத்த பல்வரிசையின் வழியாக ஐயா உருக்கமாக எடுத்துரைத்தார்.

அடுத்து, வேலையிழப்பு. விடியற்காலையில் தப்படித்துத் தோட்டத்தைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, எழுப்புகிறவர் மூக்கன்.

"நேரத்தைப் பெட்டியே சொல்லிவிடும். பிறகு மூக்கனின் கதி என்ன?" என்று ஐயா கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது.

பின்வரிசையிலிருந்து மூக்கன் எழுந்தார். "எனக்காகவாங்க அழுவுறீங்க? அந்தப் பெட்டி விடியக்கால பனியில போர்வையை ஒதறிட்டு எந்திரிச்சு, அஞ்சு லயத்தையும் சுத்தி வந்து அடிக்குமாங்க?"

"இன்று அடிக்காது. நாளை?"

"நாளைக்கு அது அடிச்சா நாந் தூங்குறேன். அதையும் கெடுக்காதீங்க சாமி."

சபை சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. ஆபத்துக்கு உள்ளானவனே ஆபத்தை உணராதிருப்பதுதான் ஆபத்தின் முதல் அறிகுறி என்றார். இவ்வினத்தாரோடு வாதிட்டு வென்றவர் உண்டா? இருந்தால் எழுதித் தெரிவியுங்கள்.

இந்தச் சமயத்தில்தான் மீனம்மா கூட்டத்துக்கு வந்தார். கொழுந்து பறிப்பவர், ஆண்கள் பேசும் கூட்டத்தில் அதுவரை வாய் திறவாதவர். அவர் மகள் நாகலெட்சுமி ஹட்டனில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்துவந்தாள். கொழும்பு வானொலியின் சிறுவர் நிகழ்ச்சியில் பாடுவதற்குப் பள்ளிக்கூடத்தார் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"வர்ற வெள்ளிக்கெழம அந்தி ஆறரைக்கு எம் மக பாடுதுங்க ஐயா. ஒரே ஒரு பாட்டுத்தான். அது கொரலைக் கேட்டு மாசக்கணக்காச்சு. அன்னிக்கு மட்டுமாச்சும் அந்தத் துணியை எடுங்க."

ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவர் என்று முன்பே சொன்னேன். ஆனால் கண் கலங்கினாலும் விதி கலங்கலாகாது அன்றோ? எனவே வெள்ளிக்கிழமைக்கு முன் விதிகளை நிறைவேற்றினார்கள். பெட்டியைக் கதவு வைத்த மர அலமாரிக்குள் வைக்க வேண்டும். மாலைச் சங்கு ஊதும்போது திறந்து, ஏழு மணிச் சங்கு ஊதும்போது பூட்ட வேண்டும். பெட்டியின் திருகைத் தலைவரைத் தவிர வேறு எவரும் தீண்டலாகாது. ஒருமுறை பூட்டிய அலமாரியை, எக்காரணம் பற்றியும், எவரும், தலைவரே ஆயினும், மறுநாள் மாலைவரை திறத்தல் ஆகாது. "தலைவரே ஆயினும்" என்பதை ஐயா தாமே வற்புறுத்திச் சேர்த்தார். தம்மையும் கட்டுப்படுத்தாத விதி விதியாகாது என்பது அவர் கொள்கை.

ஆறரைக்குப் பாட்டு; ஏழுக்குப் பூட்டு. இதில் என்ன இடையூறு வரும் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் வாழ்ந்தவராயின் கேட்கமாட்டீர்கள். முதல் வெளிச்சத்திலேயே ஆட்கள் மலையேற வேண்டும் என்று என்றோ ஒரு துரை ஆலைக் கடிகாரத்தை அரைமணி முந்தி ஓடும்படி திருப்பி வைத்துவிட்டுச் சீமைக்குப் போனார். அன்றுமுதல் எங்கள் பசி, தூக்கம், திருமண முகூர்த்தம் எல்லாமே ஆலைச் சங்கின்படிதான். ஹட்டனில் ரயில் பிடிக்கப் போகிறவர் மட்டும் அரைமணியைக் கழித்துக்கொள்வார். மற்றவர்கள் அதை மறந்தே போனோம். கொழும்பு நேரத்தில் பேசும் பொருள் ஒன்று தோட்டத்துக்குள் வருவது அதுவே முதல் முறை. ஆபத்துகள் அனைத்தையும் முன்னறிந்த பெருந்தகை, இந்த ஒன்றை அறியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மஃறூப் முதலாளி நேரில் வந்து, தலைவரின் சிறப்பு அனுமதியோடு பெட்டியைத் திருகி, குரல் வரவழைத்து, வாழ்த்தும் சொல்லிவிட்டு, மழைக்குமுன் பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனார். மீனம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, திருவிழாச் சேலை உடுத்தி, அலமாரிக்கு நேர் எதிரே அமர்ந்திருந்தார். நெற்பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி ஒருவர் விரிவாகப் பேசினார். நெல்லே விளையாத மலையில் நாங்கள் அதை மிகுந்த கவனத்தோடு கேட்டோம். பூச்சிகள் ஒருவாறு ஒழிந்தன. "நேரம் ஆறு மணி முப்பது நிமிடம். அடுத்து வருவது சிறுவர் நிகழ்ச்சி" என்றது பெட்டி.

அந்தக் கணத்தில் ஆலையின் ஏழு மணிச் சங்கு ஊதிற்று.

ஐயா எழுந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் எழுந்தார்.

"ஐயா, இன்னும் பாடலீங்க" என்றார் மீனம்மா.

"எனக்கு மட்டும் மனமில்லையா அம்மா? இன்று ஒருத்திக்காக விதியை நிறுத்தினால் நாளை ஊருக்காக நிறுத்த வேண்டும். சங்கு ஊதிவிட்டது."

அலமாரிக் கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மீனம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அலமாரிக்குள்ளிருந்து ஒரு சிறுமி பாடத் தொடங்கினாள்.

இத்தனை மாதங்களாகத் திருகைப் பற்றி விதி வகுத்தவருக்குத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் பெட்டி வாய் மூடும் என்பது தெரியாது. கதவைச் சாத்தினால் வாய் மூடிவிடும் என்று மனமார நம்பியிருந்தார். குரல் பலகைக்குள்ளிருந்து சற்றுத் தடித்து வந்தது. எனினும் நாகலெட்சுமியின் குரல்தான் என்பதை மீனம்மாவின் முகமே சொல்லிற்று. ஐயாவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

மலையிலிருந்து நேரே வந்து, இறக்கி வைத்த கொழுந்துக்கூடைகளுக்கிடையே நின்ற வீரம்மா என்ற தொழிலாளிப் பெண், மிகப் பணிவாகச் சொன்னார்: "தொறக்கக் கூடாதுங்களே. தலைவரே ஆனாலும்."

"இது அணைப்பதற்காக..."

"எக்காரணம் பற்றியும்னு நீங்கதான சாமி சொன்னீங்க."

ஐயா சபையைப் பார்த்தார். சபை விதியின் பக்கம் நின்றது. அத்தனை ஒழுக்கமான சபையை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டின் இரண்டாம் அடியில் அவருடைய விரல் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டதை நான் கண்டேன். சத்தியமாகக் கண்டேன்.

பாட்டு முடிந்ததும் மீனம்மா அலமாரியருகே சென்று, பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சூடா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு லயத்துக்கு நடந்தார்.

மறுநாள் மாலைவரை விதிப்படி எவரும் திறக்கவில்லை. செய்திகளையும் இசையையும் வேற்று மொழிகளையும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்த பெட்டி, திறந்தபோது மின்கலம் தீர்ந்து பிணமாகக் கிடந்தது. ஐயா அதைச் சுட்டிக்காட்டி, ஒளிர்ந்த முகத்தோடு சொன்னார்: "பார்த்தீர்களா? நம்பத்தகாத பொருள் என்று முதல்நாளே சொன்னேன்."

புதிய மின்கலம் வந்தது. வானொலியும் மெல்ல மரபாயிற்று. இப்போது ஐயா தம் வீட்டிலேயே ஒன்று வைத்திருக்கிறார். தொலைபேசி வந்தால் வானொலி கேட்கும் நற்பழக்கம் அழிந்துவிடும் என்று கவலையில் மெலிந்துவருகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டு இளையவர் வாங்கி வந்த அந்தப் புதிய பொருளை அலமாரியின் மேல்தட்டில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், துணி போர்த்தி வைத்திருக்கிறீர்களே, அதன் திருகு எந்தப் பக்கம் திரும்பும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், சிரிப்பதைச் சற்றே நிறுத்தி உங்கள் இடுப்பைத் தடவிப் பாருங்கள். சாவி ஏதேனும் கையில் தட்டுப்படலாம்.