நமசிவாயம் அங்கிளின் சோலார் கூரை

ஜிந்துப்பிட்டி,
வெள்ளி இரவு.

அன்புள்ள டிலக்ஷி அக்காவுக்கு, தங்கை விஷ்ணுப்பிரியா எழுதிக்கொள்வது.

முதலில் ஒரு கெஞ்சல். இதை யாருக்கும் காட்டாதீர்கள், பெரியம்மாவுக்கும்கூட. என் போனை அம்மா பறித்துவிட்டார். நாளை அப்பா வெள்ளவத்தையில் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் மோர்மிளகாய்ப் பொட்டலத்துக்குள் இதை ஒளித்து அனுப்புகிறேன். நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அது நிச்சயமில்லை.

நீங்கள் என்னை உங்கள் வரைபடக் குழுவில் சேர்த்த நாள் முதல் எனக்குச் சோறே இறங்குவதில்லை. வானத்திலிருந்து எடுத்த படத்தில் கூரை கூரையாகத் தாவி, சோலார் தகடு தெரியும் இடமெல்லாம் பெட்டி வரைந்து, உலகத்தில் யாரும் பார்க்கக்கூடிய வரைபடத்தில் ஏற்றுவது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் கெரம் போர்ட் காய்கள் மாதிரி இருக்கின்றன. உங்கள் பக்கம் கூரைக்குக் கூரை சோலார், எங்கள் பக்கம் தகரமும் தண்ணீர்த் தாங்கியும்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தேடித் தேடி, கோயிலுக்குப் பின்னால் ஒரு மொட்டைமாடியில் கண்டுபிடித்தேன்: கறுப்பாக, பளபளவென்று, வரிசையாக, வெயிலைப் பார்த்துச் சாய்ந்த தகடுகள். உடனே பெட்டி வரைந்து ஏற்றினேன். ஜிந்துப்பிட்டியில் நமக்குக் கிடைத்த முதல் சோலார் என்று குழுத் தலைவர் ஸைத் அண்ணா எல்லாருக்கும் அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து படம் எடுக்கப்போவதாகச் சொல்லி, விலாசத்தையும் அனுப்பினார். அது எங்கள் வீட்டு விலாசம்.

எங்கள் மொட்டைமாடியை நான் பார்த்ததே இல்லை. கீழே இருக்கும் வீட்டுக்கார நமசிவாயம் அங்கிள், மாடிக்கு யாராவது ஏறினால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியால் அவரும் ஏறுவதில்லை. நான் துள்ளிக்கொண்டு ஓடி, அங்கிள் நமக்குத் தெரியாமல் சோலார் போட்டிருக்கிறார் என்று அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“அது சோலார் இல்லடி. நான் மோர்மிளகா காயப்போடுற பலகை.”

பழைய கதவுகளில் கறுப்புப் பொலித்தீன் சுற்றி, அங்கிள் தன் புறக்கோட்டைக் கடைக்குப் போன பிறகு அம்மா திருட்டுத்தனமாக மாடியில் காயப்போடுகிறாராம். படம் எடுத்த அன்று மேலே மிளகாய் இல்லை போல, வெறும் பலகை மின்னியிருக்கிறது. சினேகிதி வீட்டில் காய்கிறது என்று நம்மிடம் சொன்னதெல்லாம் பொய். நீங்கள் ஆசையாய்ப் பொரித்துச் சாப்பிடுவதும் அந்த மாடி மிளகாய்தான், அக்கா.

அம்மா என் போனைப் பறிக்கும்போது, அனுமதி கேட்டு அங்கிளுக்கே போன் பண்ணிவிட்டதாக ஸைத் அண்ணாவின் செய்தி வந்திருந்தது. அங்கிள் என்ன சொன்னாரோ தெரியாது. மாலையிலிருந்து கனடாவில் இருக்கும் மகனோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறார். எங்களைக் கிளப்புவது பற்றித்தான் இருக்கும். ஆகவே நீங்கள் உடனே அந்தப் பெட்டியை அழித்து, ஸைத் அண்ணாவை வேறு கூரைக்குத் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் தெருவில்தான். பெரியம்மாவுக்கு என் அன்பு. ஏன் திடீர் அன்பு என்று கேட்டால் பரீட்சை வருகிறது என்று சொல்லுங்கள். யாரோ கதவைத் தட்டுகி

பி.கு.: அழிக்காதீர்கள் அக்கா, அழிக்கவே அழிக்காதீர்கள். தட்டியது அங்கிள்தான். சோலார் போடச் சொல்லி மகன் நச்சரித்ததால், போட்டாயிற்று என்று அவர் போன வருஷமே சொல்லிவிட்டாராம். மகன் நம்பவே இல்லையாம். இன்றைக்கு ஸைத் அண்ணாவின் போனுக்குப் பிறகு அங்கிள் சொல்லி, நம் வரைபடத்தில் பார்த்துவிட்டு, அப்பாவைச் சந்தேகப்பட்டதற்கு அழுது மன்னிப்புக் கேட்டானாம். ஸைத் அண்ணாவைத் தெருவில் நின்றே படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கிள் இன்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“பலகைய எடுத்துறாதீங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழம மட்டும் மேல மிளகா வேணாம்.”