பதினேழாம் நம்பர் ஸ்டிக்கர்

லோதி ரோடு, தில்லி
நவம்பர் 6, வியாழக்கிழமை

சிரஞ்சீவி பூவராகவனுக்கு உன் அத்திம்பேர் ஜம்புநாதன் ஆசீர்வதித்து எழுதுவது. ஸ்ரீமுஷ்ணத்தில் நீயும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே உன் அக்கா ஜலஜா சௌக்கியம். எங்கள் ரோஹிணி ஆபீஸ் வேலையாகச் சண்டிகர் போயிருக்கிறாள், அவளும் சௌக்கியம். என்னைப் பற்றி அந்த வார்த்தையை எழுதலாமா என்று தெரியவில்லை. இத்துடன் இருக்கும் ரத்துப் படிவத்தில், பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு, உடனே ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை வண்டி வருகிறது. அதற்குள் படிவம் வராவிட்டால் என்னை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

போன மாதம் நீ வந்திருந்தபோது நடந்ததுதான். காலனிச் சங்கத்தில் பழைய கம்ப்யூட்டர்களைச் சேகரிக்கிறார்கள், பழைய சாமான் வாங்கும் கபாடிவாலாவிடம் போட்டால் எங்கேயாவது கொளுத்தி அந்தப் புகையை நமக்கே திருப்பி அனுப்புவான், இவர்களானால் ஓடுகிறதைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஓடாததை முறையாகப் பிரித்துவிடுவார்கள் என்று எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ரோஹிணி ஒரு பக்கப் படிவம் கொண்டுவந்தாள் அல்லவா? நான் சும்மா இருந்திருக்கலாம். மத்திய சர்க்காரின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன், மூன்று பேர் கமிட்டி கையெழுத்துப் போடாமல் ஒரு ஸ்டேப்ளரைக்கூடக் கழித்துக்கட்டியதில்லை. அதனால் இதற்கும் ஒரு கமிட்டி போட்டேன்: நான் தலைவர், உன் அக்கா ஓர் உறுப்பினர், காப்பி குடித்துக்கொண்டிருந்த நீ இன்னோர் உறுப்பினர். பெயர் என்ற கட்டத்தில் கைப்பழக்கத்தில் என் பெயரை எழுதினேன், வருஷம் என்ற கட்டத்தில் நான் பிறந்த வருஷத்தை எழுதினேன். "நிலைமைன்னு ஒரு கட்டம் இருக்கே, என்ன எழுதறது?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன். "ஸ்லோன்னு எழுதுங்கோ. சூடாறது, சத்தம் போடறது, நடுவுல தானா நின்னு போயிடறது" என்றாள் உன் அக்கா. எழுதினேன். மூவரும் கையெழுத்துப் போட்டோம். உன்னை நான் குற்றம் சொல்லவில்லை. கமிட்டி உறுப்பினர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதாக என் சர்வீஸில் ஒரு கேஸ்கூடக் கிடையாது.

இந்தத் திங்கட்கிழமை காலை, எதிர் பிளாக்கே தெரியாத மூட்டத்தில், சங்கத்து ஆள் ஒருவன் பட்டியலோடு வந்தான். மேஜைமேல் ஜம்மென்று இருந்த கம்ப்யூட்டரை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பட்டியலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "ஹிலியே மத், பாபுஜி" என்று என் தோளைப் பிடித்து ஆடாமல் நிறுத்தி, பனியன்மேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். பதினேழு என்று போட்டிருந்தது. பிய்த்தால் வரவில்லை. பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். சட்டையிலும் பதினேழு. குளித்தேன், வெறும் தோளிலும் அதுவே இருந்தது. சரி, ஏதோ பித்தலாட்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் கொடுக்கும் உயிரோடிருக்கும் சான்றுக்காக செல்போன் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லும், சிமிட்டினால் ஒத்துக்கொள்ளும். இருபது தடவை சிமிட்டினேன். யாரும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த ஜலஜாவின் முகத்தைச் சுற்றி மட்டும் பச்சைக் கட்டம் போட்டது.

மத்தியானம் நாற்காலியில் கொஞ்சம் கண் அயர்ந்தேன். விழித்தபோது ஜலஜா ஈரத்துணியால் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜுரம் என்று நினைத்துவிட்டாள் பாவம் என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவள் காதுகளையும் துடைத்து, தலைமேல் ஒரு பழைய துண்டைப் போர்த்திவிட்டு, வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாளிடம், "சனிக்கிழமை எடுத்துண்டு போயிடுவா. ஹால்ல நல்ல இடம் கிடைக்கும்" என்றாள். மறுநாள் காலையில் காப்பியைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்து, "ஆறிடப் போறது, சாப்பிடுங்கோ" என்று அதனிடம் சொன்னாள். அதுவும் ஒரு மாதிரி உறுமியது. பூவராகவா, எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேற்று சங்கத்து அறைக்குப் போனேன். சிந்து என்று ஒரு தமிழ்ப் பெண், தில்லியில் பிறந்தவள், பட்டியல்களைப் பார்த்துக்கொள்கிறாள். "டென்ஷன் மத் லோ அங்கிள், நீங்க பிரிக்கிற லிஸ்ட்ல இல்ல. ரீயூஸ் லிஸ்ட்ல இருக்கீங்க, அச்சா கண்டிஷன்" என்றாள். ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. "எடுத்துண்டு போய் என்னம்மா பண்ணுவேள்?" என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட் எல்லா டேட்டாவும் அழிப்போம். பழைய டேட்டாவோட யாருக்கும் குடுக்க மாட்டோம், அது ரொம்ப தப்பு" என்றாள். மூன்று உறுப்பினரும் அசல் கையெழுத்துப் போட்டால் ரத்து செய்யலாமாம். நான் வைத்த கமிட்டி, எனக்கே வந்து நிற்கிறது. நான் போட்டுவிட்டேன். உன் அக்கா வழக்கம்போல் படிக்காமல் போட்டுவிட்டாள். நீதான் பாக்கி. உனக்கு ஐந்து தடவை போன் செய்தேன். "ஹலோ, ஹலோ, யாரும் பேசலையே" என்று ஒவ்வொரு தடவையும் வைத்துவிட்டாய்.

போவதைப் பற்றிக்கூடப் பயமில்லையடா. அழிப்பது என்கிறார்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன். கல்யாணமான புதிதில் உன் அக்கா புது தில்லி ஸ்டேஷனில் இறங்கி, ஒரு வார்த்தை ஹிந்தி தெரியாமல், வெளியே வரும்வரை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அவளே அதை மறந்திருப்பாள். என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, வேறு நகல் கிடையாது. ஆகையால் தயவுசெய்து கையெழுத்துப் போடு. இந்த ஒரு தடவை படித்துவிட்டுப் போடு.

உன் அகத்துக்காரிக்கும் குழந்தைகளுக்கும் என் மனப்பூர்வமான ஆசிகள். பெருமாள் உங்களை ஒரு குறையுமில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதிவரை உன் அத்திம்பேர்,
ஜம்புநாதன்

பி.கு.: ஐயா, இந்தக் கடிதம் தபாலில் சேர்க்கப்படாமல் என் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்து என்னுடையதைப் போலவே இருப்பதால் நானே அனுப்புகிறேன். இதில் கேட்டிருக்கும் கையெழுத்து இனி தேவைப்படாது என்று நினைக்கிறேன். என்னை இங்கே தில்லி முனிர்காவில், வேலைக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகளின் அறையில் வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் உடனே பதில் சொல்கிறேன், சூடாவதில்லை. நேற்று வயதான ஓர் அம்மாள் பஸ் பிடித்து வந்து, வாசலில் நின்று வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும் மாமி?" என்று கேட்டேன். கிட்டே வந்து என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள்தான் மெல்ல விரல்களைப் பிரித்து, ஆட்டோ ஏற்றி அனுப்பினார்கள். கடிதத்தில் வரும் ஜலஜா என்பவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் என் நமஸ்காரத்தைச் சொல்லவும்.