‘நைஸ்’ படுத்திய பாடு

விளக்கம் சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்ததில் ஒட்டிக்கொண்ட வியாதி இது. அந்த வியாதிதான் எங்கள் ஏலக்காய் வியாபாரத்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தது என்றால் நம்புவீர்களா?

படிப்பு முடிந்ததும், அப்பாவோடு காய் வாங்கப் போவேன் என்று அடம் பிடித்தேன். “ஒரே தடவ கூட்டிட்டுப் போறேன். சொதப்புனா டீச்சர் சோலிதான் ஒனக்கு” என்றார். போடியில் ஜீப்பு கிளம்பும்போதே எச்சரிக்கை வேறு: “ஆத்தா, காயப் பாத்து நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிராத. வாயவே தெறக்காத.”

நல்ல காயைக் கண்டால் அப்பா முகம் இழவு வீட்டுக்குப் போனது போல ஆகிவிடும். வாங்குகிறவர் முகம் மலர்ந்தால் விலை ஏறிவிடும் அல்லவா? போடிமெட்டு தாண்டி, சாக்கோச்சன் என்ற மலையாளித் தோட்டக்காரர் தட்டில் காயைக் கொட்டினார். அப்பா ஒன்றை உரித்து, உள்ளே இருந்த விதையரிசியைக் கடித்து, முகத்தைச் சுளித்தார். பேரம் படிந்துகொண்டிருந்தது. காயோ கிளிப்பச்சை, ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு கிடந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

“நைஸ்!”

சாக்கோச்சன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மோளுக்குப் பிடிச்சுப்போச்சே. அப்ப விலை அது இல்ல.”

அப்பா என்னைப் பார்த்தார். (அந்தப் பார்வையில் கரும்பலகை, சாக்பீஸ் எல்லாம் தெரிந்தது.) சொன்னதை எப்படியாவது திரும்பப் பெற வேண்டும்.

“அங்கிள், நைஸ்னா பாராட்டே இல்ல!” என்று ஆரம்பித்தேன். லத்தீனில் ‘ஒன்றும் அறியாத’ என்ற பொருளில் பிறந்த சொல் அது. பிரெஞ்சு வழியாக இங்கிலாந்து போனபோது அதற்கு ‘முட்டாள்’ என்று பொருள். பிறகு ‘எதற்கெடுத்தாலும் குறை காண்கிற’, அப்புறம் ‘நுட்பமான’, ரொம்பத் தாமதமாகத்தான் ‘இனிமையான’. இப்போது, சொல்வதற்கு ஒன்றுமில்லாதவர்கள் சேலைக்கும் சாம்பாருக்கும் பொதுவாகச் சொல்லிவைக்கிறார்கள்.

சாக்கோச்சனின் டீ ஆறியது. அவர் எழுந்து காய் உலர்த்தும் கட்டடத்துக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் கதையோடு நானும் பின்னாலேயே போனேன். திரும்பி வந்தார், நானும் வந்தேன். லோடு ஏற்ற வந்தவர்கள் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

“இன்னொரு உதாரணம் சொல்றேன் அங்கிள்...”

“மதி மோளே, மதி!” (போதும் மகளே, போதும்!) என்று கையெடுத்துக் கும்பிட்டார் சாக்கோச்சன். “சாரே, பழைய விலைக்கே எடுத்துக்கோ. வேகம் போ!”

ஜீப்பில் ஏறியதும் அப்பா சொன்னார்: “நாளைக்கும் வெரசா கெளம்பி நில்லு ஆத்தா.” எனக்கு மலையே காலடியில் கிடப்பது போல இருந்தது.

இன்றும் எங்கள் ஜீப்பு தோட்டத்துக்குள் நுழைந்தால் சாக்கோச்சன் வாசலிலிருந்தே கத்துகிறார்: “விலையை நீங்களே சொல்லுங்க சாரே. மோளு ஜீப்பிலயே இருக்கட்டும்!”