மூன்றாவதாக ஒரு மானுக்கும் தெரியும்

ஹேவ்லாக் தீவு, அந்தமான்
மாசி 9

கலசப்பாக்கத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் பார்த்திபன் அவர்களுக்கு, ஆரணி வேணுகோபால் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. படவேடு ரேணுகாம்பாள் துணையில் நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள். உங்கள் தங்கை புஷ்பலதாவும் நானும் இங்கே சௌக்கியம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பீர்கள். முப்பத்தைந்து வருஷம் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை இது. நான் ரகசியம் பேசினால் பக்கத்துத் தீவுக்குக் கேட்கும். வாட்ஸப் என்றால், என் போனை என்னைவிட அவள்தான் அதிகம் பார்க்கிறாள்.

கார்த்திகையில் பெரிய டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, அவள் வயிற்றுக் கட்டி கல்லீரல் வரை போய்விட்டது, ஆபரேஷன் தாங்காது, வருகிற ஆடி வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதை உங்களைத் தவிர நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவளிடம் அல்சர் என்று சொல்லி, மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்துவருகிறேன். ரிப்போர்ட்டை அவளுடைய முகூர்த்தப் புடவையின் மடிப்புக்குள் வைத்திருக்கிறேன், அதை இனி யார் பிரிக்கப் போகிறார்கள்? விஷயம் தெரிந்தால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும் அவளுக்கு. இருக்கிற நாளாவது அவள் பயமில்லாமல் இருக்க வேண்டும், மச்சான், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். தை மாசம் ஒருநாள், “அந்தமான் பாக்கணும்ங்க” என்றாள். கல்யாணமானதிலிருந்து திருமலைக் கோயிலைத் தாண்டி எங்கேயும் கூட்டிப்போகாத நான் உடனே சரி என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, நான் எதற்காவது உடனே சரி சொல்கிற ஆளா? சந்தேகப்படப் போகிறாளே என்று அன்று சாயங்காலமே சாம்பாரில் உப்பில்லை என்று வலியப் போய்ச் சண்டை போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

இங்கே வந்தும் அதே பிழைப்புதான். ஒரு ஆசைக்குத் தலையாட்டினால் ஒரு சண்டை போட்டுச் சரிக்கட்ட வேண்டியிருக்கிறது. போர்ட் பிளேர் ஜெயிலில் தூக்குமேடையைக் காட்டினார்கள், வரிசையாக மூன்று கயிறு. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், “நாள் தெரிஞ்சிகினு உக்காந்திருந்தவங்க சோறு சாப்ட்டிருப்பாங்களாங்க?” என்றாள். “செருப்ப ஏன் தேச்சிகினு நடக்கற, பேஜாரா கீது” என்று எரிந்து விழுந்தேன். பக்கத்தில் நின்ற பெங்காலி அம்மா ஒருத்தி என்னைப் பார்த்த பார்வையில் மூன்றாவது கயிறு எனக்குத்தான். ஆனால் அந்த அம்மா கட்டியிருந்தது பட்டு, மடிப்போடு ஜரிகை விட்டுப்போயிருந்தது. எந்தத் துக்கத்திலும் தொழில் புத்தி போகுமா? மூன்று மாசத்துக்கு ஒருதரம் மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் ஜரிகை உடைந்துவிடும் என்று கைஜாடையிலேயே அவருக்குப் பாடம் நடத்தினேன். புஷ்பலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ராஸ் தீவில் மான்களுக்கு மனுஷ பயமே இல்லை. ஒன்று வந்து என் சட்டைப் பையில் வாயை விட்டு, நோயின் பெயர் போட்டிருந்த மருந்துச் சீட்டை இழுத்து மென்று தின்றுவிட்டது. “என்னாங்க அது?” என்றாள். பஸ் டிக்கெட் என்றேன். வந்தது படகில். ஆக, மச்சான், இந்த விஷயம் இப்போது உங்களுக்கும் எனக்கும் அந்த மானுக்கும் மட்டும்தான் தெரியும். ஹேவ்லாக் வருகிற கப்பலில் நான் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுக்க, அவள்தான் கவர் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிவிட்டாள். இதில் நோயாளி யார் என்று கேட்டிருந்தால் கப்பலே என்னைத்தான் காட்டியிருக்கும்.

நேற்று ராதா நகர் கடற்கரை. மணல் மாவு மாதிரி இருக்கிறது. அவள் முழங்கால் தண்ணீரில் நின்று சூரியன் இறங்குகிறதைப் பார்த்தபடி, “அடுத்த வருஷம் நம்ம பொண்ணு கலையரசியயும் கூட்டிகினு வரலாம்ங்க” என்றாள். வரலாம் என்றேன். கண்ணில் கடல் தண்ணீர் பட்டுவிட்டதென்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். நான் அப்போது கரையில் நின்றிருந்தேன்.

புதன்கிழமை ஊர் திரும்புகிறோம். கலையரசி கல்யாணப் பந்தலில் உங்களை நான் பேசியது தப்புதான், மனதில் வைக்காமல் வியாழக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வந்தால் அழக் கூடாது. போட்டோவைக் காட்டுவாள், சிரிக்க வேண்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உறை ஒட்டப் பசை இல்லை. இதைப் பையிலிருக்கும் துண்டின் மடிப்பில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன்.

இப்படிக்கு,
வேணுகோபால்

பி.கு.: அண்ணா, இது புஷ்பா எழுதறது. அவர் பசை வாங்கப் போயிருக்கார். எதை ஒளிச்சாலும் துணி மடிப்புலதான் ஒளிப்பார், வேற இடம் தெரியாது. ஊருக்கெல்லாம் மடிப்பு மாத்தச் சொல்றவர், வீட்ல நானும் மாத்துவேன்னு நினைக்கல. போகிக்கு பீரோவ ஒழிக்கறப்ப அந்தக் காகிதம் விழுந்துச்சு. மருந்துக்கடை அகல்யாகிட்ட காட்டிப் படிக்கச் சொன்னேன். ரெண்டு நாள் அவர் இல்லாத நேரமா பாத்து அழுதேன். அப்புறம் காகிதத்த இருந்த இடத்துலயே வச்சி, அதே மடிப்புல மூடிட்டேன். அந்தமான் ஆசை எனக்கு இல்லண்ணா. தறியே கதின்னு கிடந்த மனுஷன், நான் போயிட்டா இவர யாரு கடலுக்குக் கூட்டிகினு போவா? அதான் கேட்டேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம், தாங்க மாட்டார். இத தனித் தாள்ல எழுதி, அவர் கடிதத்து மடிப்புக்கு நடுவுல சொருகிடறேன், படிச்சதும் கிழிச்சிப் போட்டுடு. என்னைக் கடைசியா அந்த முகூர்த்தப் புடவையிலதான் அனுப்புவாங்க. மத்த புடவைக்கெல்லாம் மடிப்பு மாத்தியிருப்பேன், அது மட்டும் அந்தக் காகிதத்துக்காக ஒரே மடிப்புல கிடந்து ஜரிகை உடைஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு ஒரு பார்வையில அவருக்குப் புரிஞ்சிடும். அதப் பிரிக்கறப்ப மட்டும் அவர வெளிய கூட்டிகினு போயிடு.