முறுக்கு சார் சுருதி சேர்த்த கதை

மாத்தளை மாவட்டத்தில் பாட்டைக் கேட்டு அழுதவர்கள் பலர் இருக்கலாம். சுருதி சேர்ப்பதைக் கேட்டே அழுதவர்கள் நாங்கள் மட்டுந்தான். எங்கள் பல்கலைக்கழக இசைத்துறையின் வயலின் விரிவுரையாளர், வில்லைப் பிடித்த நேரத்தைவிடப் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்கிய நேரமே அதிகம். முறுக்கு சார் என்று பெயர் வைக்க எங்களுக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

துறைக் கூட்டத்துக்கு வந்தால் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்திவிடுவார். அது அபசுரமாக உறுமுகிறதாம். துறைத் தலைவி கோப்பால் விசிறிக்கொண்டே, "வேர்த்துக் கொட்டுது சார்!" என்பார்.

"வேர்வை தொடைச்சா போயிரும் மேடம். அபசுரம் காதுலயே ஒட்டிக்கும்ங்க."

என் இறுதியாண்டுச் செய்முறைப் பரீட்சை வந்தது. அதில் பாடித் தேறினால்தான் பட்டம். பக்கவாத்தியம் முறுக்கு சார். இருவரும் எங்கள் ஊர் நாவுலயிலிருந்து ஒரே பஸ்ஸில் கிளம்பினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சிப்பாய் வயலின் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "வாசிக்கிறவர்தானா? எங்கே, வாசிச்சுக் காட்டுங்க" என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குக் கால் வெடவெடத்தது. சாரோ குஷியாகப் பிருடையை முறுக்க ஆரம்பித்தார்.

முறுக்கினார், முறுக்கினார், முறுக்கிக்கொண்டே இருந்தார். "சார், என் கத்தரிக்கா வாடுதுங்க!" என்று அலறினார் சந்தைக்குப் போகும் வியாபாரி. கடைசியில் சிப்பாயே கும்பிட்டான். "போதும் மஹத்தயா, பஸ்ஸில ஏறுங்க!"

"இன்னும் பஞ்சமமே சேரலையே தம்பி!" என்று மனத்தாங்கலோடு ஏறினார் சார்.

ஒருவழியாகப் பரீட்சை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவடியில் பிடித்த நடுக்கம் என்னை விடவில்லை. சார் மறுபடி முறுக்கினார். வெளியூரிலிருந்து வந்திருந்த பரீட்சகர் கடிகாரத்தைப் பார்த்தார். "சுருதி எப்பவோ சேந்திருச்சே சார்?"

"வயலினுக்குச் சேந்திருச்சுங்க," என்றார் சார், பிருடையிலிருந்து கையை எடுக்காமலே. "புள்ளைக்கு இன்னும் கை நடுங்குது. கொஞ்சம் பொறுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் நடுக்கம் போய்விட்டது. பாடினேன், தேறினேன்.

இன்றும் கச்சேரிகளில் சுருதி சேர்க்க நேரமானால் பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விடுவார். எனக்கு மட்டும், அது இன்னும் கொஞ்ச நேரம் நீளாதா என்றிருக்கும்.