என் சிறுநீர் மீதான விசாரணை

மதிப்பிற்குரிய மச்சான் அவெலினோவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டேன். அங்கே சான் ஹொசேயில் நீயும் ஓட்டல் குளிரில் வேளா வேளைக்குச் சாப்பிட்டு, கன்னிமாதாவின் கருணையால் கழுத்து காணாமல் போகுமளவு கொழுத்திருப்பாய் என்று நம்புகிறேன். உன் உடல்நலத்தைப் பற்றி நான் இத்துடன் விட்டுவிடுகிறேன். நீயும் என் உடல்நலத்தை இப்படியே விட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுதும் வேலை எனக்கு மிச்சமாகியிருக்கும்.

விஷயம் இதுதான். மழைக்காலம் முடிந்ததிலிருந்து எனக்கு முதுகோரம், விலாவுக்குக் கீழே, இரண்டு பக்கமும் யாரோ முழங்கையால் இடித்துக்கொண்டே இருப்பது போல வலி. காலையில் எழும்போதே மாலையில் படுக்கப் போகிறவனின் அலுப்பு. சிறுநீர் கழித்தால் மிளகாய்த்தூள் பட்ட எரிச்சல். நம் ஊரில் இதற்கு சிஸ்தாத்தா என்று பெயர் இருப்பது உனக்கு மறந்திருக்காது. கரும்பு வெட்டுகிறவனுக்கு அது வராவிட்டால்தான் அவன் வேலைக்கு மட்டம் போட்டான் என்று சந்தேகப்பட வேண்டும். சோளக்கதிரின் நாரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் போகும், மருந்துக்கடையில் ஓர் ஊசி போட்டாலும் போகும், அப்புறம் திரும்ப வரும். இதைப் போய் உன் அக்கா எர்மெலிந்தா தொலைபேசியில் இழவுச் செய்தி மாதிரி உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீயும் பெரிய மருத்துவ நிபுணர் அல்லவா, உடனே ஓட்டல் நீச்சல்குளத்துத் தண்ணீரைச் சோதிக்கும் காகிதப் பட்டைகளை ஒரு டப்பா நிறையப் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பிவிட்டாய். குளத்தில் சருகு அள்ளுகிறவனுக்கு அக்கா புருஷனும் ஒரு குளம்தான் போலிருக்கிறது.

சரி, அனுப்பியதை வீணாக்கக் கூடாது என்று நனைத்துப் பார்த்தேன். டப்பாவில் சிவப்பிலிருந்து மஞ்சள் வரை கட்டம் கட்டமாக நிறம் போட்டிருந்தது. என்னுடையது கடைசி மஞ்சளையும் தாண்டிப் போய் வெளிறி நின்றது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை அகராதியை வைத்துக்கொண்டு நானே படித்தேன். அமிலம் மிகுதி, குளத்தை உடனே மூடவும் என்றிருந்தது. என் வயதில் அதை எப்படி மூடுவது என்று எழுதவில்லை.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் என்றாலும் பழைய பஞ்சாங்கமும் அட்டை கிழிந்த வைத்தியப் புத்தகமும் படித்துத் தானாகத் தேறியவன். அதனால் விசாரணையை முறைப்படி நடத்தினேன். முதல் குற்றவாளி எலுமிச்சை. நிறுத்தினேன், மஞ்சள் மாறவில்லை. அடுத்தது காப்பி, நிறுத்தினேன், தலைவலி மட்டும் வந்தது. பிறகு உன் அக்காவின் பீன்ஸ் சோற்றைச் சந்தேகித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறே கிடைக்கவில்லை, மஞ்சளும் மாறவில்லை. கிணற்றைச் சோதித்தேன், பக்கத்து வீட்டு எருதைக்கூடச் சோதித்தேன், இரண்டும் குற்றமற்றவை. உன் அக்காவுடையதையும் ஒருமுறை அவளுக்குத் தெரியாமல் நனைத்துப் பார்த்தேன். அசல் ரோஜா நிறம். உன் ஓட்டலுக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தாராளமாக அதில் நீந்தலாம்.

இந்த நேரத்தில்தான் அறுவடைக்கு ஆள் எடுக்கும் சோதனை வந்தது. புட்டியில் கொடுத்தது சரியில்லை என்றால் சர்க்கரை ஆலையில் வேலைச் சீட்டு கிடையாது. சீட்டு இல்லை என்றால் வெட்டுக் கூட்டத்துக்கு நான் மேஸ்திரியும் கிடையாது, சந்தையில் ஓசி சுருட்டுக்கு நிற்கிற கிழவன். ஆலை மருத்துவ அறையில் மாரிட்சா என்று ஒரு பெண், சினாந்தேகா நகரத்தில் படித்தவளாம். ஊசி குத்துவதற்கு முன்னால் பிரசங்கம் செய்கிறாள். வெயிலில் வெட்டும்போதே தண்ணீர் குடிக்க வேண்டுமாம், இடையிடையே நிழலில் உட்கார வேண்டுமாம். நிழலில் உட்காருகிறவனுக்குக் கரும்பு தானே வெட்டிக்கொண்டு வந்து காலடியில் விழும் போலிருக்கிறது. சூடேறிய உடம்பில் தண்ணீர் விழுந்தால் ரத்தம் திகைத்துப்போகும் என்பது நம் ஊர்க் கைக்குழந்தைக்கும் தெரியும். என் கூட்டத்தில் வெட்டுகிற வரிசை முடிகிற வரைக்கும் எவனும் குடத்தைத் தொடக் கூடாது, முடிந்த பிறகு ஆளுக்கொரு புட்டி சிவப்பு சோடா. இந்தச் சட்டத்தில்தான் என் மகன் யாதெர் வளர்ந்தான். காளை மாதிரி இருக்கிறான். இந்த வட்டாரத்திலேயே வேகமான கத்தி அவனுடையது.

இப்படிப்பட்ட சமயத்தில் ஊரில் எல்லோரும் போவது தையல்காரர் ஹசிந்தோவிடம். மனிதர் பிறந்ததிலிருந்து வெயிலையே பார்த்ததில்லை. அவருடைய சிறுநீர் ஒவ்வொரு வருஷமும் பாதி ஊருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறது. நகராட்சித் தலைவரால்கூட அது முடிந்ததில்லை. நான் போனபோது, இந்தத் தடவை கேட்டவர்கள் அதிகம், இனி ஒரு சொட்டும் இல்லை என்று துணி அளந்துகொண்டே சொல்லிவிட்டார். அந்த மிதப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ. போடா என்று வந்துவிட்டேன். வீட்டிலேயே காளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் எதற்கு அலைய வேண்டும்? யாதெரிடம் புட்டியை நீட்டினேன். வேற யார்கிட்டயாவது கேளுங்கப்பா என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அதட்டினேன். வாங்கிக்கொண்டு போய் நிரப்பிக் கொண்டுவந்தான்.

அதற்கப்புறம் நடந்த கூத்தைக் கேள். புட்டி சரியில்லை, ரத்தம் கொடுக்க வா என்று ஆள் அனுப்பினார்கள். போனேன். இந்த முறை மாரிட்சா தன் கையாலேயே குத்தி எடுத்தாள், மாற்றுவதற்கு வழியே இல்லை. ரத்தத்தில் ஒன்றும் இல்லை, என் வயதுக்கு நன்றாகவே இருக்கிறதாம். உடனே சீட்டைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே? இல்லை. உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்:

"தோன் கிரிசாந்தோ, ரத்தம் உங்களுது. நானே எடுத்தேன். அந்தப் புட்டி யாருது?"

"என்னுதுதாம்மா. பின்ன என்ன, உங்க அப்பாருதா?"

அவள் சிரிக்கவில்லை. படித்தவர்களுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு.

"நீங்க சொல்ற வலியப் பாத்தா உங்களுக்கு இருக்கறது கல்லு. தண்ணி குடிச்சா மணல் மாதிரி எறங்கிரும். அந்தப் புட்டிக்காரருக்கு அப்படியில்ல, சிறுநீரகத்தோட வடிகட்டியே ஒழுகுது. யாரா இருந்தாலும் இந்த வாரமே கூட்டிட்டு வாங்க. சின்ன வயசுக்காரரா இருந்தா இன்னும் சீக்கிரமா வாங்க."

என்னுடையதுதான் என்று மறுபடியும் சொல்லிவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இப்போது நீயே சொல், நீதான் நிபுணர் ஆயிற்றே. வலியும் எரிச்சலும் அலுப்புமாக இருக்கிற கிழவனுக்கு ஒன்றும் இல்லையாம், வட்டாரத்திலேயே வேகமாக வெட்டுகிற இருபத்தாறு வயதுக்காரனுக்கு வடிகட்டி ஒழுகுகிறதாம். இதிலேயே தெரியவில்லையா அந்தக் கருவியின் லட்சணம்? அதைவிட உன் குளத்துக் காகிதம் தேவலை, அதுவாவது மரியாதையாக மஞ்சள் காட்டியது. ஆகவே விசாரணையை இத்துடன் முடித்துக்கொண்டேன். தீர்ப்பு: கருவி பழுது. உன் அக்கா மூன்று நாளாக என்னோடு பேசாமல், பானைகளோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாள். "மகன் மூத்திரத்தைக் கடன் வாங்கத் தெரியுது, அவன் மொகத்தைப் பாக்கத் தெரியல" என்று காப்பிப் பானையிடம் சொன்னாள். நீ அவளிடம் பேசி, மேஸ்திரி வேலை பார்க்கிறவனை நிம்மதியாக வேலை பார்க்க விடச் சொல். திங்கட்கிழமை விடியும்போது நானும் யாதெரும் வயலில் இருப்போம். இதில் மாற்றமில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் பிள்ளைகளைக் கடவுள் காக்கட்டும், முடிந்தால் உன் மருத்துவத்திலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
பூரண நலத்துடன் இருக்கும்
கிரிசாந்தோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுத்து வரச்சொல்லி யாதெரைக் கூப்பிட்டேன். வரக் காணோம். போய்ப் பார்த்தால் கொல்லையில் குனிந்து, விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நிற்கிறான். எத்தனை நாளாடா என்றேன். ரெண்டு அறுவடையா என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா சிஸ்தாத்தாதானேன்னுவீங்க" என்றான். அவன் தன் சோதனைக்குக் கொடுத்த புட்டியில் இருந்தது தையல்காரருடையதாம். தையல்காரரிடம் எனக்கு இல்லாமல் போனது அதனால்தான்.

மாரிட்சாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தாள். கருவி பழுதாகவில்லை. சிறுநீரகம் பாதிக்கு மேல் போய்விட்டதாம்; வெயிலை விட்டுவிட்டால் மிச்சத்தை வைத்துக்கொண்டு ரொம்ப காலம் ஓட்டலாம் என்கிறாள். நான் வருஷக்கணக்காகப் புளியமரத்தடியில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன், வெட்டுகிறவன் அவன் என்பதை அவளே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஆகவே மேலே எழுதியதில் வணக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் மறந்துவிடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கையில் இதைக் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறானே, அவன்தான் யாதெர். தாடி வைத்திருப்பதால் உனக்கு அடையாளம் தெரியாது. பாத்திரம் கழுவுவதோ மேசை துடைப்பதோ, கூரைக்குக் கீழே எந்த வேலையானாலும் வாங்கிக் கொடு. பேருந்தில் வந்த களைப்பு இருக்கும், முதலில் தண்ணீர் கொடு. தாகமில்லை என்பான். நம்பாதே, எதிரே நின்று குவளை காலியாகிற வரை பார். நான் எழுதியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.